உருளையில் காற்று இருந்ததா? மலக்குழி மரண வழக்குகளில் கேட்கப்படாத கேள்வி

மலக்குழி மரணம் குறித்த செய்திகள் பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கி மயங்கினார். அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்கினார். தகவலறிந்து வந்த தீயணைப்புத் துறையினர் உடல்களை மீட்டனர்.

முதல் இரண்டு வாக்கியங்களைப் பற்றி நாம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. இரண்டு உயிர்களைப் பறித்த அதே குழிக்குள், அதே வாயுவுக்குள், தீயணைப்பு வீரர் இறங்குகிறார். உயிரோடு மேலேறி வருகிறார். அவருடைய உடல் வேறு வகையான உடல் அன்று. அவருடைய முதுகில் 10 முதல் 15 கிலோ எடையுள்ள ஒரு கருவி இருக்கிறது. அழுத்தப்பட்ட தூய காற்றைச் சுமந்து செல்லும், வெளிக்காற்றை நம்பாமல் தனித்து இயங்கும் சுவாசக் கருவி அது. பிணத்தை எடுக்கும்போது வந்து சேரும் அந்தக் கருவி, உயிரோடு ஒருவர் இறக்கப்பட்டபோது ஏன் அங்கே இல்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதனைத் தொழில்நுட்பக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தின் கண்ணில் குற்றத்திற்கும் குற்றமின்மைக்கும் இடையிலான கோடு இந்தக் கருவியின் மீதுதான் வரையப்பட்டுள்ளது. எனவே அது எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு பராமரிக்கப்பட வேண்டும் என்பதை நம் இயக்கத் தோழர்களும் வழக்கறிஞர்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டியது கட்டாயமாகிறது.

குழிக்குள் என்ன இருக்கிறது

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 20.9 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. அது 19.5 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிவிட்டால் அவ்விடத்தை ஆக்சிஜன் குறைந்த இடமாகவே கருத வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையின் பொது விதி. மூடிக் கிடக்கும் மலக்குழியில் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. பதிலுக்கு மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை வெளியிடுகின்றன.

இவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடு மிகவும் வஞ்சகமானது. மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றமாக வீசும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கின் நுகரும் திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று மேலே நிற்பவர் நினைக்கும் கணம் ஆபத்து கூடிய கணமாகவும் இருக்கக்கூடும். 500 பங்கைத் தாண்டிய பிறகு சில நிமிடங்களிலும், 700 முதல் 1000 பங்கு வரையிலான செறிவில் ஓரிரு மூச்சிலும் மனிதர் சுருண்டு விழுகிறார். கூச்சலிடவும் அவருக்கு நேரமிருப்பதில்லை. இவ்வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கசடு அமைதியாக இருக்கும்போது அதற்குள் அடைந்திருந்து, மண்வெட்டியோ காலோ கிளறியவுடன் வெளியேறும். தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பது, மூடியைத் திறந்து அரைமணி நேரம் காத்திருப்பது போன்ற பழக்கங்கள் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம். மீத்தேன் காற்றில் 5 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும் என்பதால், தீக்குச்சிச் சோதனை தன்னளவிலேயே ஒரு கொலைக் கருவி.

இரண்டாவது மனிதர் ஏன் சாகிறார் என்பதும் இதிலிருந்தே விளங்கும். தந்தையோ தம்பியோ உடன் வேலை செய்பவரோ கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்தவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்துவிடலாம் என்று நம்புகிறார். கனத்த உடலைத் தூக்க முயலும் முதல் நொடியிலேயே ஆழ்ந்த மூச்சு ஒன்றை அவர் இழுத்தாக வேண்டும். அந்த மூச்சே அவருடைய கடைசி மூச்சாகிவிடுகிறது.

முகமூடி என்ற பெயரில்

‘பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கப்பட்டன’ என்று ஒப்பந்ததாரர்கள் சொல்லும்போது, வழங்கப்பட்டது எது என்று கேட்க வேண்டும். துணி முகமூடியும் அறுவை சிகிச்சை முகமூடியும் வாயுவைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய வாயு முகமூடி சில நச்சு வாயுக்களைக் குறிப்பிட்ட அளவு வரை உறிஞ்சும்; ஆனால் இல்லாத ஆக்சிஜனை அதனால் உண்டாக்க முடியாது. ஆக்சிஜன் குறைந்த குழிக்குள் மிக உயர்ந்த விலையுள்ள வடிகட்டி முகமூடியை அணிந்திருப்பவரும் மூச்சுத் திணறித்தான் சாவார்.

மூடிய குழிக்குள் உயிரைக் காக்கக்கூடியவை இரண்டே வகைக் கருவிகள். ஒன்று, உருளையில் காற்றை முதுகில் சுமக்கும் தனித்த சுவாசக் கருவி. மற்றொன்று, வெளியே வைக்கப்பட்ட உருளைகளிலிருந்தோ கம்ப்ரசரிலிருந்தோ நீண்ட குழாய் வழியே காற்றைக் கொண்டு செல்லும் கருவி. நம் ஊர்களின் ஆள்நுழைகுழி வாய்கள் பெரும்பாலும் ஓர் ஆள் உடலை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அகலமே உடையவை. முதுகில் உருளையோடு அவற்றில் இறங்குவது கடினம். உருளையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோ, முகமூடியைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டோ இறங்கச் சொல்வது கருவியே இல்லாமல் இறக்குவதற்குச் சமம். அத்தகைய குழிகளுக்குக் குழாய்வழிக் கருவியும், குழாய் துண்டிக்கப்பட்டால் தப்பி வெளியேற இடுப்பில் கட்டிய சிறிய உருளையும் சேர்ந்தே தேவை. எந்தக் குழிக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்வது வேலை தருபவரின் கடமை. இறங்குபவரின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

இன்னொரு கொடிய தவறு, மருத்துவமனை ஆக்சிஜன் உருளையைச் சுவாசக் கருவியாகப் பயன்படுத்துவதும், குழிக்குள் ஆக்சிஜனைத் திறந்துவிட்டு ‘காற்றோட்டம்’ ஏற்படுத்துவதும். சுவாசக் கருவியின் உருளையில் இருப்பது அழுத்தப்பட்ட சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜன் மீத்தேனோடு கலந்தால், ஒரு சிறு பொறி போதும், குழி வெடித்துவிடும். காற்றோட்டத்திற்கு ஊதுவிசிறியையே பயன்படுத்த வேண்டும்.

ஓர் உருளையின் கணக்கு

கருவி இருந்தால் மட்டும் போதுமா? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 6 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 300 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்பட்டால், ஏறத்தாழ 1800 லிட்டர் காற்று கிடைக்கும். மிதமான உழைப்பில் ஒருவர் நிமிடத்திற்குச் சுமார் 40 லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று கொண்டால், அது 45 நிமிடங்களுக்கு வரும். கருவியின் விளம்பரத்தில் அச்சிடப்படுவது இந்த 45 நிமிடம்தான். ஆனால் குழிக்குள் கசட்டை வெட்டி அள்ளுபவரின் மூச்சு நிமிடத்திற்கு 60 லிட்டரைத் தாண்டும். அச்சமும் வெப்பமும் அதை இன்னும் கூட்டும். அப்போது 45 நிமிடம் 30 நிமிடமாகச் சுருங்கும்.

அந்த 30 நிமிடமும் வேலை செய்வதற்கு உரியதன்று. உருளையின் அழுத்தம் 50 முதல் 60 பார் வரை இறங்கும்போது கருவியின் எச்சரிக்கை விசில் ஊதத் தொடங்கும். அந்நேரத்தில் 6 லிட்டர் உருளையில் எஞ்சியிருப்பது 330 லிட்டர் அளவே; கடுமையாக மூச்சு வாங்குபவருக்கு ஐந்தரை நிமிடம். விசில் ஊதிய பின் வேலையை முடித்துவிட்டு வரலாம் என்று எண்ணுபவர் வெளியே வரமாட்டார். விசில் ஊதுவதற்கு முன்பே குழியை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்பதே தீயணைப்பு வீரர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். உருளை முழுதாக நிரப்பப்படாமல் 200 பாரில் இருந்தால், கடும் உழைப்பில் விசில் ஊதும் வரை கிடைப்பது வெறும் 14 நிமிடம்.

2013ஆம் ஆண்டின் மத்திய விதிகள் ஒரு பணியாளரை ஒரே மூச்சில் 90 நிமிடங்களுக்கு மேல் சாக்கடைக்குள் வேலை வாங்கக் கூடாது என்றும், இடையே 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்த 90 நிமிடத்தை முழுமையாகப் பயன்படுத்தும் அதிகாரி, ஒருவருக்கே மூன்று, நான்கு நிரப்பிய உருளைகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். உதவிக்கு மேலே நிற்கும் மீட்பாளருக்கு அதே போன்ற மற்றொரு கருவி முகத்தருகே ஆயத்தமாக இருக்க வேண்டும். ‘கருவி வாங்கியிருக்கிறோம்’ என்று ஒற்றை எண்ணைக் காட்டும் எந்த உள்ளாட்சியும் இந்தக் கணக்கில் தேறாது.

இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களில் அளக்க வேண்டும். வேலை நடக்கும்போதும் தொடர்ந்து அளக்க வேண்டும். உருளையின் வால்வை முழுவதும் திறந்து அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். பிறகு வால்வை மூடி ஒரு நிமிடம் காத்திருந்தால் அழுத்தம் 10 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ கசிகிறது. மெதுவாகக் காற்றை வெளியேற்றி விசில் சரியான அழுத்தத்தில் ஊதுகிறதா என்று பார்க்க வேண்டும். முகமூடியை அணிந்து, காற்று நுழையும் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்தால் முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி வளர்ந்த முகத்தில் அது ஒட்டாது. முகமூடியின் விளிம்பைக் கடந்து செல்லும் மூக்குக் கண்ணாடியின் காம்பும் கசிவை உண்டாக்கும். உடல் முழுவதையும் தாங்கும் பட்டைக் கச்சையும், குழியின் மேல் நிறுத்தப்பட்ட முக்காலியும், அதில் சுழற்றி இழுக்கும் கம்பிக் கயிறும் இருந்தால்தான் மயங்கியவரை மற்றொருவர் கீழே இறங்காமலேயே தூக்க முடியும்.

கிடங்கில் சாகும் கருவி

மலக்குழி மரண வழக்கொன்றில் குடும்பத்தினர் சார்பாக ஒரு நகராட்சியின் கிடங்கைப் பார்வையிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இருப்புப் பதிவேட்டில் சுவாசக் கருவி இருந்தது. கிடங்கிலும் இருந்தது, வந்திறங்கிய பெட்டியிலேயே. அழுத்தமானியின் முள் பூச்சியத்தில் நின்றது. முகமூடியின் ரப்பர் விளிம்பு மடிந்த நிலையிலேயே கெட்டித்துப் போயிருந்தது. பராமரிப்புப் பதிவேடு எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லை. “இதை மாட்டத் தெரிஞ்ச ஆளு இங்க யாரும் இல்லீங்க” என்றார் உடன் வந்த மேற்பார்வையாளர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் கற்றுத்தரவில்லை.

சுவாசக் கருவி என்பது மண்வெட்டியைப் போல வாங்கி மூலையில் சாய்த்து வைக்கும் பொருளன்று. ஒவ்வொரு பயன்பாட்டிற்குப் பிறகும் முகமூடியை மென்மையான சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினியில் தோய்த்து, அலசி, வெயில் படாத இடத்தில் உலர்த்த வேண்டும். மலக்கழிவில் மூழ்கிய ஒருவரின் முகமூடியை மற்றொருவர் துடைத்துவிட்டு அணிவது நோயை அணிவதாகும். ரப்பர் வளையங்கள், மூச்சை வெளிவிடும் வால்வின் மெல்லிய தகடு, பட்டைகள், குழாய் இணைப்புகள் ஆகியவற்றில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருளையை உடனே மீண்டும் நிரப்ப வேண்டும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சோதித்துப் பதிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உற்பத்தியாளர் அங்கீகரித்த தொழில்நுட்பரிடம் கொடுத்து அழுத்தக் குறைப்பானையும் வால்வையும் அளவீடு செய்ய வேண்டும்.

உருளை தனியொரு சட்ட ஆளுகைக்கு உட்பட்டது. 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளைகள் விதிகளின்படி, குறித்த கால இடைவெளியில் நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, அந்தத் தேதி உருளையின் மீது பொறிக்கப்பட வேண்டும். தேதி கடந்த உருளையை நிரப்புவதே சட்டமீறல். 300 பார் அழுத்தத்தைத் தாங்க இயலாத உருளை வெடிகுண்டுக்கு ஒப்பானது.

நிரப்பும் காற்றின் தூய்மையும் இதே அளவு முக்கியமானது. சுவாசக் காற்றுக்கென வடிவமைக்கப்பட்ட, வடிகட்டிகளுடன் கூடிய கம்ப்ரசரில் மட்டுமே நிரப்ப வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் எண்ணெய்த் துகள் கலந்திருக்கும். டீசல் வண்டியின் புகைபோக்கி அருகே கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய் இருந்தால், உருளைக்குள் கார்பன் மோனாக்சைடு புகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. மலக்குழியின் விஷத்திலிருந்து காக்க வேண்டிய கருவியே விஷத்தை ஊட்டும்.

இவை அனைத்தும் தீயணைப்புத் துறைக்குத் தெரியும். சுரங்கங்களுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் தெரியும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் சுவாசக் கருவிகளுக்கு ஐ.எஸ். 10245 என்ற தரத்தையும், சாக்கடைக்குள் நுழையும்போது கடைப்பிடிக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளுக்கு ஐ.எஸ். 11972 என்ற நடைமுறைத் தொகுப்பையும் வகுத்திருக்கிறது. நாட்டில் அறிவும் கருவியும் இருக்கின்றன. அவை யாருடைய உடலுக்காகச் செலவிடப்படுகின்றன, யாருடைய உடலுக்கு மறுக்கப்படுகின்றன என்பதில்தான் சாதி செயல்படுகிறது. நமஸ்தே திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் கணக்கெடுக்கப்பட்ட சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்கள் 54,574 பேரில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று ஒன்றிய அரசே 2024இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

சட்டம் வரைந்த கோடு

கையால் மலமள்ளும் தொழிலாளர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013 சாக்கடை வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. பாதுகாப்புக் கருவிகளைத் தந்து, முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்படுவதை உறுதி செய்யும் கடமையை வேலை தருபவர் நிறைவேற்றாமல் கையால் நடைபெறும் சுத்தப்படுத்துதல், பிரிவு 2(1)(டி)யின்படி ‘அபாயகரமான சுத்தப்படுத்துதல்’ ஆகும். பிரிவு 7 அதனைத் தடை செய்கிறது. பிரிவு 9 முதல் குற்றத்திற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என விதிக்கிறது. பிரிவு 22இன்படி இது பிணையில் விடத்தகாத குற்றம். ‘எந்த நபரும்’ என்றே பிரிவு 7 தொடங்குவதால், தன் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கும் வீட்டு உரிமையாளரும் இதிலிருந்து தப்ப முடியாது.

இந்த வரையறையில் நமக்கு எதிரான ஓர் ஓட்டையும் உண்டு. அறிவிக்கை செய்யப்பட்ட கருவிகளோடும் கவசங்களோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர் ‘கையால் மலமள்ளுபவர்’ ஆகமாட்டார் என்று சட்டத்தின் விளக்கம் கூறுகிறது. ஒருவரின் கையில் உறையை மாட்டி, மறுவாழ்வு கோரும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிட முடியும் என்பதே இதன் பொருள். ஆகையால் கருவி உண்மையிலேயே உயிர்காக்கும் நிலையில் இருந்ததா என்ற ஆய்வு, இழப்பீட்டுக்கு மட்டுமன்றி மறுவாழ்வுக்கும் அடிப்படையானது.

ஆயினும் அதே ஆண்டின் விதிகள் மற்றொன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. விதி 3இன்படி, பாதுகாப்புக் கவசங்களோடுகூட ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது. இயந்திரத்தால் அகற்ற முடியாத, உடைந்த மூடியை எடுப்பது, 300 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பழைய குழாயையும் புதிய குழாயையும் இணைப்பது, கிணற்றடியில் பொருத்திய நீர்மூழ்கி மோட்டாரை எடுப்பது, ஆள்நுழைகுழியைக் கட்டிச் சீரமைப்பது ஆகியன மட்டுமே விலக்குகள். இவற்றிற்கு அப்பால் தவிர்க்கவே முடியாத சூழல் என்றால், உள்ளாட்சியின் தலைமைச் செயல் அலுவலர் காரணங்களை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். அனுமதித்த பின்பும் குறைந்தது மூன்று பணியாளர்கள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மேற்பார்வையாளர். சுவாசக் கருவி, குழாய்வழிக் கருவி, நால்வாயு அளவி, முக்காலி எல்லாம் விதிகளின் பட்டியலிலேயே உள்ளன.

2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவசர நிலையிலும் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்றது. 1993 முதல் நேர்ந்த ஒவ்வொரு சாக்கடை மரணத்திற்கும் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று டாக்டர் பல்ராம் சிங் வழக்கில் அத்தொகை முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தர ஊனத்திற்கு இருபது லட்சம் என வகுக்கப்பட்டது. அதே வழக்கில் 2025 சனவரி 29 அன்று, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதை நீதிமன்றம் தடை செய்தது. 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

‘கொடுத்தோம், அவர் அணியவில்லை’

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வைக்கும் வாதம் பெரும்பாலும் இதுவே. ஒன்றிய அரசின் சமூகத் தணிக்கை இந்த வாதத்தின் அடித்தளத்தை உடைக்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் நேர்ந்த 150 மரணங்களில் 54ஐ அத்தணிக்கை ஆராய்ந்தது. 49 பேர் எவ்விதப் பாதுகாப்புக் கருவியும் இன்றி இறந்திருந்தனர். எஞ்சியோருக்குக் கிடைத்தவை கையுறை, காலணி போன்றவை. மூச்சுக்கு உதவும் எதுவும் அவற்றில் இல்லை. 27 நேர்வுகளில் பணியாளரின் ஒப்புதல்கூடப் பெறப்படவில்லை. எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்ற 18 நேர்வுகளிலும் ஆபத்து என்னவென்று யாரும் விளக்கவில்லை.

சட்டப்படியும் அந்த வாதம் நில்லாது. கருவியைக் கொடுப்பதோடு வேலை தருபவரின் கடமை முடிவதில்லை. முன்னெச்சரிக்கை கடைப்பிடிக்கப்படுவதை உறுதி செய்வதும் பிரிவு 2(1)(டி) சுமத்தும் கடமையே. அணியாதவரைக் குழிக்குள் விட்ட மேற்பார்வையாளரின் செயலே குற்றம். பயிற்சி பெறாதவரின் முதுகில் உருளையைக் கட்டுவதால் கடமை நிறைவேறாது. முகமூடிக்குள் மூச்சு முட்டுவது போன்ற உணர்வு முதன்முறை அணிபவர் பலருக்கும் ஏற்படும். பழக்கப்படாதவர் பதறி அதைக் கழற்றுவார். அது அவருடைய அலட்சியம் ஆகாது. பயிற்சி தராதவரின் அலட்சியம் அது.

பெட்டியில் கிடந்த கருவியைக் காட்டித் தப்ப முயல்வோரிடம், அது இயங்கும் நிலையில் இருந்ததை மெய்ப்பிக்கும்படி கேட்க வேண்டும். அந்த உண்மை அவர்களுக்கே உரிய தனிப்பட்ட அறிவு; அத்தகைய உண்மையை மெய்ப்பிக்கும் சுமை அதை அறிந்தவர் மேல் விழும் என்பதே பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 109 (முந்தைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 106) வகுக்கும் நெறி.

மூன்று மாதத்திற்குள் செய்ய வேண்டியவை

2013 சட்டத்தின் பிரிவு 10, குற்றம் நிகழ்ந்த மூன்று மாதத்திற்குள் முறையீடு செய்யப்பட வேண்டும் என்று காலவரம்பு விதிக்கிறது. துக்கத்திலும் சமரசப் பேச்சுகளிலும் இந்த மூன்று மாதம் கரைந்துபோகும். கரைந்துபோக வேண்டும் என்று விரும்புவோரும் உண்டு. காவல்துறையோ, அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற ஒற்றைப் பிரிவில் வழக்கைப் பதிந்து நிறுத்திக்கொள்ளும் போக்கைக் கொண்டிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையிலேயே 2013 சட்டத்தின் பிரிவு 7, 9 இடம்பெற வேண்டும் என்றும், இறந்தவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பொருந்தும் பிரிவுகள் சேர்க்கப்பட வேண்டும் என்றும் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அத்தோடு கருவி தொடர்பான சான்றுகளைப் பாதுகாக்கக் கோர வேண்டும். முதலாவதாக, இறங்குவதற்கு வழங்கப்பட்ட எழுத்துப்பூர்வ அனுமதியும் அதில் பதிந்த காரணமும். இரண்டாவதாக, அன்றைய வாயு அளவீட்டுப் பதிவு. மூன்றாவதாக, சுவாசக் கருவியின் மாதாந்தரச் சோதனைப் பதிவேடும் ஆண்டுப் பராமரிப்புச் சான்றும். நான்காவதாக, உருளையில் பொறித்துள்ள சோதனைத் தேதி, கடைசியாக நிரப்பிய இடம், நாள், அழுத்தம். ஐந்தாவதாக, இறங்கியவருக்கும் மேலே நின்றவருக்கும் அளிக்கப்பட்ட பயிற்சியின் சான்று. ஆறாவதாக, ஒப்பந்தத்தில் கருவிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கிய தொகை. சம்பவ இடத்தில் கருவி இருந்தால், அதன் அழுத்தமானி அளவைப் படமெடுத்து, வால்வைத் தொடாமல் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரியை வலியுறுத்த வேண்டும். கருவியே இல்லை என்றால், இல்லை என்பதைப் பார்வை மகசரில் எழுதவைக்க வேண்டும்.

மரணத்திற்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு நகராட்சியிடமும் பேரூராட்சியிடமும் இன்றே கேட்கலாம். உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் பிரிவு 7(1) கூறுகிறது. எத்தனை கருவிகள் என்ற கேள்வியோடு நிறுத்தாமல், எத்தனை கருவிகள் இன்று நிரப்பப்பட்டுள்ளன, அணியத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்போம். ஆளை இறக்கும் முயற்சி கண்முன் நடந்தால், ஒன்றிய அரசு இதற்கென அறிவித்த 14420 என்ற உதவி எண்ணிலும் காவல்துறையிடமும் உடனே புகார் செய்ய வேண்டும்.

கருவி யாருக்காக

இவ்வளவு எழுதிய பின் ஓர் ஐயம் எழக்கூடும். தலித் உடலுக்கு நல்ல கவசம் மாட்டி மீண்டும் குழிக்குள் அனுப்புவதுதான் நம் கோரிக்கையா? ஒருபோதும் இல்லை. மலத்தை மனிதர் தொடக் கூடாது. குழிக்குள் மனிதர் இறங்கக் கூடாது. உறிஞ்சு வண்டியும் நீர்பீய்ச்சும் இயந்திரமும் கேரளத்தில் உருவாக்கப்பட்ட ‘பாண்டிகூட்’ போன்ற ரோபோக்களும் அந்த வேலையைச் செய்யட்டும். அந்த இயந்திரங்களின் உரிமையும் ஓட்டுநர் பணியும் இதுவரை குழிக்குள் இறங்கியவர்களின் குடும்பங்களுக்கே சேரட்டும்.

சுவாசக் கருவிக்கு உரிய இடம், சட்டம் அனுமதிக்கும் மிகச் சில விலக்குகளும் மீட்புப் பணியும் மட்டுமே. அந்த விலக்குப் பணிகளைப் பயிற்சி பெற்ற, நிரந்தர ஊதியம் பெறும், தீயணைப்பு வீரருக்கு நிகரான மதிப்பும் காப்பீடும் கொண்ட அவசரக் குழுவே செய்ய வேண்டும். 2019இல் ஒன்றிய அரசு முன்வைத்த அவசரத் துப்புரவுப் பிரிவு என்ற ஏற்பாட்டின் நோக்கமும் அதுவே. அக்குழுவில் எல்லாச் சாதியினரும் இருக்கும் நாளில்தான் அது குழுவாகும். இல்லையேல் பழைய வேலைக்குப் புதிய சீருடையாகிவிடும்.

அந்த நாள் வரும்வரை ஒவ்வொரு மரணத்திலும் நாம் அழுத்தமானியைக் கேட்போம். முள் எங்கே நின்றது, யார் கடைசியாகப் பார்த்தார், எந்தத் தேதியில் கையொப்பமிட்டார் என்று கேட்போம். விதி விட்டது, விஷவாயு தாக்கியது என்று எழுதப்படும் அறிக்கைகளில் பெயரின்றி மறைந்திருக்கும் அதிகாரியையும் ஒப்பந்ததாரரையும் பெயரோடு குற்றப்பத்திரிகைக்குள் கொண்டுவர அந்தக் கேள்விகள் உதவும்.